இரைப்பைக்குள் ஒரு குடித்தனம்

வயிற்றில் புண் என்றதும் நம் வீடுகளில் மூன்று காரணங்கள் சொல்வார்கள்: காரம் அதிகம், வேளைக்குச் சாப்பாடு இல்லை, ஓயாத கவலை. பாட்டி மட்டும் அல்ல, மருத்துவப் புத்தகங்களும் நெடுங்காலம் ஏறக்குறைய இதையேதான் சொல்லி வந்தன. இரைப்பையில் அமிலம் மிகுதியாகச் சுரக்கிறது. அது இரைப்பையின் சுவரையோ, அதை அடுத்துள்ள முன்சிறுகுடலின் சுவரையோ அரித்துப் புண்ணாக்கிவிடுகிறது என்பது விளக்கம். கவலையும் பரபரப்பும் அமிலச் சுரப்பைத் தூண்டுமாம்.

விளக்கம் இப்படி என்றால் சிகிச்சையும் அதற்கேற்பத்தானே இருக்கும்? பால், கஞ்சி, காரமில்லாத சோறு, ஓய்வு. கேட்காவிட்டால் அறுவை சிகிச்சை. அமிலச் சுரப்பைத் தூண்டும் நரம்பை வெட்டிவிடுவார்கள். அல்லது இரைப்பையில் ஒரு பகுதியையே அகற்றிவிடுவார்கள். 1976-ஆம் ஆண்டு பிரிட்டனில் சிமெடிடின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. அது அமிலச் சுரப்பைக் குறைத்தது, புண்ணும் ஆறியது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் சில மாதங்களில் புண் மீண்டும் வந்தது. ஆகவே ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது. புண் ஆழமாகி இரத்தக்குழாயைத் தொட்டுவிட்டால் நோயாளி இரத்த வாந்தி எடுப்பார். அப்படி இறந்தவர்களும் உண்டு. எனவே இது சில்லறைத் தொல்லை அல்ல.

இதில் கிருமிக்கு ஏதேனும் பங்கு இருக்குமோ என்று ஏன் யாரும் தேடவில்லை? தேடினார்கள்; ஆனால் முழு மனத்துடன் தேடவில்லை. இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெறும் வயிற்றில் அதன் கடுமை எலுமிச்சைச் சாற்றின் கடுமையை விஞ்சும். உணவோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கே மடிந்து போகின்றன. இத்தகைய அமிலக் குளத்தில் எந்தக் கிருமி குடித்தனம் நடத்தும்? ஆகவே இரைப்பை கிருமியற்ற இடம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இத்தனைக்கும் 1893-லேயே இத்தாலிய விஞ்ஞானி பிட்சோசெரோ, நாயின் இரைப்பையில் திருகு வடிவக் கிருமிகளைக் கண்டு எழுதி வைத்திருந்தார். மனித இரைப்பையிலும் அவ்வப்போது சிலர் பார்த்ததுண்டு. 1954-ல் பால்மர் என்ற அமெரிக்க மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரைப்பைத் திசுவைச் சோதித்தார். அப்படி எதுவும் இல்லை என்று அறிவித்தார். ஆயிரம் பேரிடம் இல்லை என்றால் பிறகு யார் தேடப் போகிறார்கள்? ஆனால் அவர் திசுவுக்கு ஏற்றிய சாயம், இந்தக் கிருமியை எடுப்பாகக் காட்டாத சாயம். ‘இல்லை’ என்பதற்கும் ‘என் கண்ணுக்குப் படவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள ராயல் பெர்த் மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் பணிபுரிந்தார். நோயாளிகளிடமிருந்து எடுத்த திசுத் துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. 1979 ஜூன் மாதத்தில் ஒரு நாள், அழற்சியுற்ற இரைப்பைத் துணுக்கு ஒன்றின் மேற்பரப்பில் மெல்லிய நீலக் கோடு போல ஏதோ படிந்திருப்பதைக் கண்டார். வெள்ளி உப்பைக் கொண்ட சாயத்தை ஏற்றிப் பார்த்தபோது, வளைந்த சிறு கிருமிகள் கருமையாகத் துலங்கின. அன்று தொடங்கி வேறு துணுக்குகளிலும் தேடினார். அடிக்கடி தென்பட்டன. அழற்சி எங்கே இருந்ததோ அங்கே கிருமியும் இருந்தது. உடன் பணிபுரிந்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “உண்மையானால் இத்தனை நாள் யாரும் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?” என்பது அவர்கள் கேள்வி.

1981-ல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் பயிற்சிக்காக அந்த மருத்துவமனையின் வயிற்றுநோய்ப் பிரிவுக்கு வந்து, வாரனோடு சேர்ந்துகொண்டார். இருவரும் அடுத்த ஆண்டு ஒரு முறையான கணக்கெடுப்பில் இறங்கினார்கள். உள்நோக்கிக் குழாய்ச் சோதனைக்கு வரிசையாக வந்தவர்களில், சம்மதித்த 100 பேரை எடுத்துக்கொண்டார்கள். வேண்டியவரைப் பொறுக்கி எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவருக்கும் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண் இல்லாத இடத்திலிருந்து சிறு துணுக்கு எடுக்கப்பட்டது. அந்தத் துணுக்கில் கிருமி உண்டா என்று பார்த்தார்கள். அந்த நோயாளிக்கு உள்நோக்கியில் என்ன நோய் தெரிந்தது என்பது தனியே குறிக்கப்பட்டது. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள்.

100 பேரில் 58 பேரிடம் கிருமி இருந்தது. முன்சிறுகுடலில் புண் உள்ளவர்கள் 13 பேர். அந்த 13 பேரிடமும் இருந்தது!

கிருமியைக் கண்ணால் பார்த்தால் போதாது. அதைத் தனியே வளர்த்தும் காட்ட வேண்டும். இதில்தான் வேடிக்கை நடந்தது. வளர்ப்புத் தட்டுகளை இரண்டு நாள் வைத்திருந்து, ஒன்றும் முளைக்காவிட்டால் எறிந்துவிடுவது ஆய்வுக்கூட வழக்கம். ஒருவர் பின் ஒருவராக 34 பேரின் துணுக்குகளை இப்படி வைத்து எறிந்தார்கள். 1982 ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் ஒரு தட்டு ஐந்தாறு நாள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், அதில் கிருமிகள் வளர்ந்திருந்தன. மெல்ல வளரும் இனம் அது. இரண்டு நாள் அதற்குப் போதவில்லை. நூறு பேர் ஆய்வு முடிந்தபோதும் 11 பேரின் துணுக்குகளிலிருந்துதான் அதை வளர்க்க முடிந்திருந்தது. பின்னர் 1989-ல் அதற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பெயர் நிலைத்தது. ஹெலிகோ என்றால் திருகு போன்றது. பைலோரஸ் என்பது இரைப்பையின் கீழ்வாயில்.

இப்போது சற்று நின்று அந்த 58 என்ற எண்ணைப் பார்ப்போம். இது பெரிய எண்ணா, சிறிய எண்ணா?

உங்களால் சொல்ல முடியாது. வயிற்று நோயாளிகளில் 100-க்கு 58 பேரிடம் கிருமி இருக்கிறது. சரி, நோயில்லாதவர்களில் 100-க்கு எத்தனை பேரிடம் இருக்கிறது? அங்கேயும் 58 என்றால், கிருமிக்கும் நோய்க்கும் உறவே இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இந்தக் கிருமி உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் இரைப்பையில் இருப்பது பின்னால் தெரியவந்தது. ஆகவே எந்த மருத்துவமனையில் எந்த நோயாளிகளைச் சோதித்தாலும், காலில் சுளுக்கு என்று வந்தவர்களைச் சோதித்தாலும்கூட, கணிசமானவர்களிடம் அது இருக்கத்தான் செய்யும்! என் கண்ணுக்கு அந்த 58-ஐ விட 13-க்கு 13 என்பதே பெரிதாகத் தெரிகிறது. பாதிப் பேரிடம் இருக்கும் ஒன்று தற்செயலாக 13 பேரிடமும் அமைவது, ஒரு நாணயத்தை 13 முறை சுண்டி 13 முறையும் தலையே விழுவதைப் போன்றது. எட்டாயிரம் தடவை முயன்றால் ஒரு தடவை நடக்கலாம்.

ஒரு கற்பனை ஊரை வைத்துக் கணக்குப் போடுவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் 1000 பேர். அவர்களில் 500 பேரிடம் கிருமி உண்டு, 500 பேரிடம் இல்லை. ஊரில் புண் நோயாளிகள் 60 பேர். அவர்களில் 54 பேரிடம் கிருமி இருக்கிறது. அதாவது நோயாளிகளில் 100-க்கு 90 பேரிடம் கிருமி. மருத்துவர் திகைத்துப் போவார், கிருமிதான் புண்ணுக்குக் காரணம் என்பார்.

இனி அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். கிருமி உள்ள 500 பேரில் புண் வந்தவர்கள் 54 பேர்தான். மீதி 446 பேர் நன்றாக இருக்கிறார்கள். “என்னிடமும் கிருமி இருக்கிறது, எனக்கு ஒன்றும் இல்லையே. எப்படி அது காரணமாகும்?” என்று அவர்கள் கேட்பார்கள். இரண்டு பேச்சும் ஒரே ஊரின் ஒரே கணக்கிலிருந்து வந்தவை, இரண்டுமே சரி. மூன்றாவதாக ஒன்றையும் கணக்கிட்டால் குழப்பம் தீரும். கிருமி இல்லாத 500 பேரில் புண் வந்தவர்கள் 6 பேர். கிருமி உள்ளவர்களில் 54. ஆக, கிருமி இருந்தால் புண் வரும் வாய்ப்பு ஒன்பது மடங்கு. எண்கள் கற்பனை என்றாலும் நிலவரம் ஏறக்குறைய இதுதான். கிருமி உள்ளவர்களில் பத்துக்கு ஒருவருக்கோ, அதற்குச் சற்று மேலாகவோதான் வாழ்நாளில் புண் வருகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு சந்தேகம் மிஞ்சும். கிருமியால் புண் வந்ததா, அல்லது ஏற்கெனவே கெட்டுப்போன இரைப்பையில் கிருமி வந்து ஒட்டிக்கொண்டதா? பாழடைந்த வீட்டில் வௌவால் குடியிருந்தால், வௌவாலா வீட்டை இடித்தது? வாரனையும் மார்ஷலையும் மறுத்தவர்கள் இதைத்தான் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் முன்பின் எது என்பதை அது சொல்லாது.

பன்றிக்குட்டிகளுக்குக் கிருமியைப் புகட்டிப் பார்த்தார் மார்ஷல், ஒட்டவில்லை. எனவே 1984-ல் துணிந்து ஒரு காரியம் செய்தார். தம் இரைப்பை நல்ல நிலையில் இருப்பதை முதலில் உள்நோக்கியால் உறுதி செய்துகொண்டார். பிறகு ஒரு நோயாளியிடமிருந்து வளர்த்த கோடிக்கணக்கான கிருமிகளைக் கரைத்துக் குடித்துவிட்டார்! சில நாள்களில் வாந்தி, பசியின்மை, வாயில் துர்நாற்றம். பத்தாம் நாள் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் இரைப்பையில் கடும் அழற்சி. அதன் மேல் கிருமிகள். நல்ல வீட்டுக்குள் வௌவாலை விட்டார், சுவர் பெயர்ந்துவிட்டது. (இதை நீங்கள் யாரும் செய்து பார்க்க வேண்டாம். மருத்துவர்களும் இன்று இப்படிச் செய்ய எளிதில் அனுமதி கிடைக்காது.)

இந்தக் கதை எங்கும் சொல்லப்படுகிறது. ஆனால் அது நிரூபித்தது எவ்வளவு என்பதில் கவனம் வேண்டும். மார்ஷலுக்கு வந்தது அழற்சி, புண் அல்ல. ஒரே ஓர் ஆள், இரண்டு வாரம். உண்மையில் வழக்கைத் தீர்த்துவைத்தது 1988-ல் வெளியான, அவ்வளவாகப் பேசப்படாத வேறோர் ஆய்வு. மார்ஷலும் வாரனும் அவர்களுடைய குழுவினரும் முன்சிறுகுடல் புண் உள்ள 100 பேருக்குச் சிகிச்சை அளித்து ஓராண்டு கவனித்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. கிருமி ஒழியாதவர்களில் 100-க்கு 61 பேருக்குப் புண் ஆறியது. ஆறியவர்களில் 100-க்கு 84 பேருக்கு மீண்டும் வந்தது. கிருமி ஒழிந்தவர்களில் 100-க்கு 92 பேருக்கு ஆறியது. மீண்டும் வந்தது 21 பேருக்கே. வௌவாலை விரட்டியபின் சுவர் இடிவது நின்றது. ஆயுள் முழுதும் மாத்திரை என்றிருந்த நோய், சில வாரச் சிகிச்சையில் தீரும் நோயாயிற்று. 2005-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. வாரன் 2024-ல் காலமானார்.

அப்படியானால் அமிலம் நிரபராதியா? அதுவும் இல்லை. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இந்தக் கிருமி உண்டாக்கும் அழற்சி, சிலருக்கு அமிலச் சுரப்பை மேலும் தூண்டிவிடுகிறது. மிகுதியான அமிலம் முன்சிறுகுடலில் வழிந்து புண் ஆக்குகிறது. பழைய மருத்துவர்கள் பிடித்தது கைக்கூலியை; ஏவிவிட்டவன் தப்பித்திருந்தான்.

அமிலத்தில் இது எப்படி உயிர் பிழைக்கிறது என்று இன்னும் சொல்லவில்லையே! வயலுக்கு உரமாக இடுகிறோமே யூரியா, அதே பொருள் நம் உடலிலும் உண்டாகிறது. இரத்தத்தில் கலந்து இரைப்பைக்கும் சிறிது கசிகிறது. இந்தக் கிருமியிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளம். அது யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிளக்கிறது. அம்மோனியா ஒரு காரம், அமிலத்தைச் சமன்படுத்திவிடும். தன்னைச் சுற்றி மட்டும் ஒரு காரப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வால் போன்ற இழைகளைச் சுழற்றி, இரைப்பைச் சுவரைப் போர்த்தியுள்ள கோழைப் படலத்துக்குள் திருகாணி போல் நுழைந்துவிடுகிறது. அங்கே அமிலம் அவ்வளவாக எட்டுவதில்லை.

கிருமியின் இந்தத் தந்திரமே அதைக் காட்டிக்கொடுக்கவும் உதவுகிறது. யூரியாவும் நிறங்காட்டியும் கலந்த கூழில் திசுத் துணுக்கைப் போட்டால், கிருமி இருந்தால் மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாக மாறும். குழாயை விழுங்காமலும் சோதிக்கலாம். சற்றுக் கனமான கார்பன் அணுவைக் கொண்ட யூரியாவைக் குடிக்கச் செய்து, சிறிது நேரம் கழித்து ஒரு பையில் மூச்சை ஊதச் சொல்வார்கள். மூச்சுடன் வரும் கரியமில வாயுவில் அந்தக் கனமான கார்பன் மிகுந்திருந்தால், உள்ளே யாரோ யூரியாவைப் பிளந்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஆனால் எந்தச் சோதனையை எப்போது செய்தோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கையே மாறிவிடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவரின் இரைப்பையில் கிருமிகள் எண்ணிக்கையில் குறைந்து பதுங்கிவிடும். மூச்சுச் சோதனை ‘இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும். அதனால்தான் அந்த மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். இரத்தச் சோதனையோ நேர்மாறு. கிருமி ஒழிந்து நெடுநாளான பின்பும், அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய பொருள் இரத்தத்தில் தங்கி, ‘இருக்கிறது’ என்று சொல்லும். பால்மரின் சாயத்தைப் போலத்தான்.

இன்னொரு புதிர். பல நாடுகளில் கணக்கெடுத்தபோது 70 வயதுக்காரர்களிடம் கிருமி அதிகமாகவும் 20 வயதுக்காரர்களிடம் குறைவாகவும் இருந்தது. வயது ஏற ஏறத் தொற்றிக்கொண்டே போகிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டில் உள்ளவர்களிடமிருந்தோ அசுத்த நீர் வழியாகவோ தொற்றி, மருந்து கொடுக்காவிட்டால் ஆயுள் முழுதும் தங்கிவிடுவது. முதியவரின் வயிற்றில் உள்ள கிருமி அவருடைய இன்றைய வயதைக் காட்டவில்லை. அவர் பிறந்து வளர்ந்த காலத்து வீட்டைக் காட்டுகிறது. ஒரே அறையில் பலர் உறங்கிய வீடு, சுத்தமான நீர் கிடைக்காத ஊர். ஜப்பானில் 1950-க்கு முன் பிறந்தவர்களில் பெரும்பாலோரிடம் கிருமி உண்டு. இன்றைய ஜப்பானியக் குழந்தைகளில் மிகச் சிலரிடமே இருக்கிறது.

இதனால் நோயாளிகளின் கணக்கும் மாறி வருகிறது. முன்பு முன்சிறுகுடல் புண் என்றாலே பத்தில் ஒன்பது பேரிடம் கிருமி இருந்தது. கிருமி அருகிவிட்ட நாடுகளில் அந்தப் பங்கு குறைந்து, ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளால் வரும் புண்களின் பங்கு கூடியிருக்கிறது. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் கிருமி இருக்கிறது. ஆகவே நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம் என்று வரும் ஒருவரிடம் இங்கே கிருமியைக் கண்டுபிடிப்பது அரிதன்று. அவருடைய தொல்லைக்கு அதுதான் காரணம் என்று சொல்வதுதான் கடினம். புண் எதுவும் இல்லாமல் செரிமானத் தொல்லை மட்டும் உள்ளவர்களிடம் கிருமியை ஒழித்துப் பார்த்த ஆய்வுகள் பல. அவற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு ஒருவர்தான் கிருமி ஒழிந்ததால் நலம் பெற்றார்.

புண்ணை விட அஞ்ச வேண்டியது புற்றுநோய். 1994-ல் உலக சுகாதார அமைப்பைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கிருமியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகையில் சேர்த்தது. கிருமி உள்ளவர்களில் 100-க்கு ஓரிருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரலாம். ஆனால் ஒன்று விளங்கவில்லை. இந்தியாவில் கிருமி இவ்வளவு பரவியிருந்தும், இரைப்பைப் புற்றுநோய் ஜப்பானை விட மிகவும் குறைவு. நம் நாட்டுக்குள்ளேயே மிசோரமில் மட்டும் அது மிகுதி. கிருமியில் கொடியது, சாது என்று வகைகள் உண்டு. கொடியவை சுவர்ச் செல்களுக்குள் ஒரு புரதத்தை ஊசி போடுவது போல் செலுத்துகின்றன. வகை வேறுபாடா, உணவா, புகையிலையா, பரம்பரையா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

கிருமியை ஒழிப்பதும் முன்போல் எளிதல்ல. தொடக்கத்தில் நன்றாக வேலை செய்த கிளாரித்ரோமைசின் என்ற மருந்துக்கு இப்போது பல இடங்களில் கிருமி மசிவதில்லை. எதற்கெடுத்தாலும் அம்மருந்துகளை விழுங்கியதன் பலன் அது. ஆகவே இன்று பெரும்பாலும் அமிலம் குறைக்கும் மருந்து, பிஸ்மத் உப்பு, இரண்டு கிருமிக்கொல்லிகள் என நான்கையும் சேர்த்து 14 நாள் தருகிறார்கள். அது முடிந்து நான்கு வாரமாவது கழித்து, அதே பையில் மீண்டும் ஒரு முறை ஊதச் சொல்கிறார்கள்.